கூட்டத்தின் நடுவே ஒரு கேள்வி

நீலமலைத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்வோர் அனைவரும் அறிந்த காட்சி ஒன்று உண்டு. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு நேரத்தில், மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர், வரிசையில் நிற்கும் பெண்களைப் பார்த்து, "உங்களுக்குக் குறை ஏதும் உண்டா?" என்று கனிவோடு வினவுவார். அருகில் மேஸ்திரி நிற்பார். சற்றுத் தள்ளிக் கணக்கர் நிற்பார். "ஒண்ணுமில்லைங்க" என்று பதில் வரும். அதிகாரி மனநிறைவோடு திரும்புவார். லயன் வீட்டுக் கூரை ஒழுகுவதும், குழாயில் நீர் வராததும், பிள்ளையின் காய்ச்சலுக்கு விடுப்புக் கிடைக்காததும் அந்தப் பதிலில் இடம்பெறுவதில்லை. அதிகாரி தீய மனத்தோடு கேட்கவில்லை. அப்பெண்களும் பொய் சொல்லும் இயல்புடையவர் அல்லர். அந்த இடத்தில், அத்தனை பேர் முன்னிலையில், அக்கேள்விக்கு அது ஒன்றே பாதுகாப்பான பதில்.

இதை நன்கு அறிந்திருந்தும் நாமே ஒருமுறை அந்த அதிகாரியின் இடத்தில் நின்றுவிட்டோம். அந்தப் பிழையையும், அது நமக்குக் கற்பித்ததையும் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

நமது பங்கின் கிளைக் கிராமங்கள் சிலவற்றில் வாழ்வோர் பெரும்பாலும் தாயகம் திரும்பியோர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட இலங்கை மலையகத் தமிழரின் எதிர்காலத்தை, 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கையால் பிரித்துக்கொண்டனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும். எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் முடிவாகும் என்பது ஏற்பாடு. அவ்வாறு தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியோருள் பல்லாயிரவர் இம்மலைகளுக்கு வந்தனர். அவர்களுக்கென்றே அரசு இங்குத் தேயிலை பயிரிட்டது. அந்தக் கணக்கில் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளும் பிரிந்துபோயினர். அக்காள் இந்தியர் என்றும் தம்பி இலங்கையர் என்றும் காகிதம் தீர்மானித்த குடும்பங்கள் நம் பங்கில் பல உண்டு.

அத்தகைய குடும்பமொன்றின் அன்னையை நாம் நன்கு அறிவோம். 1970களில் கணவரோடு இங்கு வந்தவர். ஓய்வு பெறும்வரை கொழுந்து பறித்தவர். அவருடைய தம்பி அங்கேயே தங்கிவிட்டார். 1977ஆம் ஆண்டின் வன்செயலில் மலையகத்து லயன் எரிக்கப்பட்டபின், மற்றும் பல குடும்பங்களைப் போல அவரும் வடக்கே வன்னிக்குச் சென்று, கிளிநொச்சிப் பகுதியில் காடு திருத்திப் பயிரிட்டு வாழ்ந்தார். 2009ஆம் ஆண்டு மே மாதம் போர் முடிவுற்றபோது, ஏறத்தாழ மூன்று இலட்சம் பேரோடு அவரும் முள்வேலி முகாமில் அடைக்கப்பட்டார். பிறகு ஊர் திரும்பினார். 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு வந்தவர், அக்காளைக் காண மலைக்கும் ஏறி வந்தார். நாற்பது ஆண்டுகளுக்குப்பின் அவ்விருவரும் சந்தித்த காட்சியை விவரிக்க நம்மிடம் சொற்கள் இல்லை.

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவரைப் பீடத்தருகே அழைத்தோம். இளைஞர் பலர் கூடியிருந்தனர். முந்திய ஆண்டுதான் வெலிங்டனிலுள்ள படை அதிகாரிகள் கல்லூரியில் இலங்கை அதிகாரிகள் பயிற்சி பெறுவதைத் தமிழக அரசு கண்டித்திருந்தது. மாணவர் போராட்டமும் தமிழகமெங்கும் நடந்திருந்தது. நம் இளைஞருக்கு உண்மையைக் கேட்கும் ஆர்வம் இருந்தது. நாமும் ஒலிவாங்கியை அவர் கையில் கொடுத்து, "அங்கே இராணுவத்தின் நடுவில் வாழும் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று இவர்களுக்குச் சொல்லுங்கள்" என்றோம்.

பெரியவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "ஒரு குறையும் இல்லை. ரோடு போட்டிருக்காங்க. கிளிநொச்சிக்கு ரயில் வந்திருச்சு. இந்தியா கொடுத்த காசுல வீடு கட்டியிருக்கோம். ஆண்டவர் புண்ணியத்துல நல்லா இருக்கோம்" என்று கூறி ஒலிவாங்கியைத் திருப்பித் தந்தார். கூட்டம் கலைந்தது. ஓர் இளைஞன் வெளிப்படையாகவே சலித்துக்கொண்டான். நமக்கும் ஏமாற்றமே. இவர் இராணுவத்தின் ஆளோ என்ற தீய எண்ணம் ஒரு கணம் நம் உள்ளத்திலும் தலைகாட்டியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அன்று மாலை மழை பெய்துகொண்டிருந்தது. அக்காளும் தம்பியும் பங்கு இல்லத்துப் பின்கட்டுக்கு வந்தனர். அடுப்பருகே அமரச் செய்து தேநீர் கொடுத்தோம். நெடுநேரம் வேளாங்கண்ணியைப் பற்றியும் மிளகாய் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். பின்னர்க் கதவைப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில், "சாமி, காலையில கேட்டீங்களே, அதுக்கு இப்ப பதில் சொல்லவா?" என்றார்.

அவர் சொன்னவை யாவும் பொய்யல்ல. பாதை போடப்பட்டது மெய்; 2013 செப்டம்பரில் கிளிநொச்சிக்கு இரயில் வந்தது மெய்; இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் அவருக்கு வீடு கிடைத்ததும் மெய். ஆனால் அந்தப் பாதையோரத் தேநீர்க்கடையைச் சிப்பாய்களே நடத்தினர். முகாமிலிருந்து திரும்பிய புதிதில் வீட்டிலுள்ளோர் அனைவரையும் வாசலில் நிறுத்திப் படம் எடுத்துப் பதிவு செய்தனர். விருந்தினர் வந்தால் வந்தவர் யாரென்று கேட்க ஆள் வரும். திருமணம் நடந்தாலும் முகாமில் சொல்லிவிட்டு நடத்துவதே நல்லது என்று ஊரார் கண்டுகொண்டனர். மே 18ஆம் நாளன்று இறந்தோருக்காக ஊர்கூடி விளக்கேற்ற அப்போது இயலவில்லை.

அவருடைய மகள் பாலர் பள்ளி ஆசிரியை. அப்பள்ளி, அப்போது பாதுகாப்பு அமைச்சின்கீழ் இயங்கிய சிவில் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு உரியது. மற்றப் பள்ளிகள் தருவதைவிடப் பன்மடங்கு ஊதியம் அங்குக் கிடைக்கும். வீட்டு உலை கொதிப்பது அந்த ஊதியத்தால்தான்.

மகன் ஒருவன் இருந்தான். வீட்டுக்கு ஒருவர் என்ற கட்டளையின்படி 2008ஆம் ஆண்டின் இறுதியில் புலிகள் இயக்கத்தார் அவனைப் பிடித்துச் சென்றனர். அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது. தாய் அவர்கள் காலில் விழுந்து அழுதாள், பயனில்லை. இறுதி நாட்களில் அவன் தப்பி வந்து பெற்றோரோடு சேர்ந்துகொண்டான். வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபோது, ஒருநாள் இயக்கத்தில் இருந்தவரும் பதிவு செய்யவேண்டும், விசாரித்து விட்டுவிடுவோம் என்று படையினர் ஒலிபெருக்கியில் அறிவித்தனர். "நானேதான் சாமி கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் ஒப்படைச்சேன். மறைக்கக்கூடாதுன்னு நினைச்சேன். பஸ்ஸில ஏத்தினாங்க. அவ்வளவுதான்" என்றார்.

அந்த நாளில் அந்த இடத்தில் அவ்வாறு ஒப்படைக்கப்பட்டோருள் ஒரு குருவானவரும் இருந்தார் என்பதை நம் வாசகர் அறிந்திருக்கலாம். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப், 2009 மே 18 அன்று சரணடைந்தோரோடு சென்றவர், இன்றுவரை திரும்பவில்லை.

பெரியவர் தொடர்ந்தார்: "இராணுவத்தைப் பத்தி என்ன நினைக்கிறீங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது? மகனை அவங்க கிட்டதான் கொடுத்தேன். மக அவங்க சம்பளத்துலதான் சோறு போடுறா. இயக்கத்தைப் பத்திக் கேட்டா, அவனை முதல்ல புடிச்சவங்க அவங்க. எதைச் சொன்னாலும் பாதியைத்தான் சொன்னதாகும்." சற்றுநேரம் கழித்து, "அங்க கேள்வி கேட்க வர்றவங்க ரெண்டு வகை சாமி. ஒரு வகை, நாங்க சொல்றதை எழுதிக்கிட்டுப் போவாங்க, திரும்பி வரமாட்டாங்க. இன்னொரு வகை, ஒண்ணும் எழுத மாட்டாங்க, ஆனா திரும்பி வருவாங்க" என்றார்.

அப்போதுதான் அந்த அன்னை குறுக்கிட்டு, காலையில் ஓர் இளைஞன் தன் கைப்பேசியில் அனைத்தையும் படம் பிடித்துக்கொண்டிருந்தான் என்பதை நமக்கு உணர்த்தினார். பெரியவர் பீடத்தருகே நின்றபடியே அதைக் கண்டிருந்தார், நாம் காணவில்லை. அவர் வேறுவிதமாகப் பேசியிருந்தால், அப்பேச்சு கடல் தாண்டிக் கிளிநொச்சிக்குச் சென்றுசேர எவ்வளவு நேரமாகும்? மகளின் வேலை என்னவாகும்? அவர் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கும்போது யார் காத்திருப்பர்? மழையில் நனைந்தபடியே அந்த இளைஞனின் வீட்டுக்குச் சென்று அந்தப் பதிவை அழிக்கச் செய்தோம். ஆயினும் நம் மனத்திலுள்ள பதிவு அழியவில்லை.

அந்த இரவு நற்செய்தி நூலைத் திறந்தபோது, குருமடத்தில் பலமுறை படித்திருந்த இரு பகுதிகள் புதிய பொருளோடு நம்முன் நின்றன. இயேசு வாழ்ந்த நாடும் அயலார் படையின்கீழ் இருந்த நாடே. வழிப்போக்கரைப் பிடித்துச் சுமை தூக்கச் செய்யும் உரிமை உரோமைப் படைவீரனுக்கு இருந்தது. சீரேன் ஊர்ச் சீமோன் அவ்வாறுதான் சிலுவை சுமக்க நேர்ந்தது. சீசருக்கு வரி செலுத்துவது முறையா என்ற கேள்வியும் அறிவதற்காகக் கேட்கப்பட்டதன்று. ஆம் என்றால் மக்களிடம் சிக்கவைக்கலாம். இல்லை என்றால் ஆளுநரிடம் சிக்கவைக்கலாம்.

அத்தகைய நாட்டில் மக்கள் கருத்து இருமுறை கேட்கப்பட்டது. ஒருமுறை கேட்டவர் பிலாத்து. ஆளுநர் மாளிகையின் முன்பு, படைவீரர் சூழ, தலைமைக் குருக்கள் கூட்டத்தைத் தூண்டிவிட, யாரை விடுதலை செய்ய வேண்டும் என்று அவர் வினவினார். கூட்டம் உரத்த குரலில் பதில் தந்தது. அந்தக் குரலைக் கேட்டு அதுவே மக்களின் உள்ளம் என்று கொண்டால் எத்துணைப் பெரிய பிழை! பெத்லகேமிலும் கலிலேயாவிலும் இருந்த ஏழைத் தாய்மார் அந்தக் கூட்டத்தில் இல்லை; இருந்திருந்தாலும் வாய் திறந்திருக்கமாட்டார்கள்.

மற்றொருமுறை கேட்டவர் ஆண்டவர். மக்கள் தம்மை யாரென்று கூறுகின்றனர் என்று சீடரை வினவுகிறார். எங்கே? எருசலேமில் அன்று, ஏரோது அந்திப்பாவின் கலிலேயாவிலும் அன்று. அந்த ஆட்சியெல்லைக்கு வெளியே, வடக்கே பிலிப்புச் செசரியா பகுதிக்கு அவர்களைத் தனியே அழைத்துச் சென்றபின் கேட்கிறார். சீடர் தந்த முதல் பதில் என்ன? திருமுழுக்கு யோவான் என்பது. அரசன் தலை வெட்டுவித்த ஒருவரின் பெயர் அது! கலிலேயாவின் தெருவில் உரக்கச் சொல்லத் தகாத பெயர், அந்தத் தனிமையில் தடையின்றி வெளிவருகின்றது. உரையாடலின் முடிவில், இதை எவருக்கும் சொல்லவேண்டாம் என்று ஆண்டவர் பணிக்கவும் செய்கிறார். அப்பணிப்புக்கு இறையியலார் தரும் ஆழ்ந்த விளக்கங்களை மறுக்க நமக்கு எண்ணமில்லை. எனினும் கேட்கப்படுவோரின் பாதுகாப்பும் அவர் கருத்தில் இருந்தது என்று எண்ண நமக்கு இடமுண்டு. நாம் பிலாத்தைப் போலக் கேட்டோம். ஆண்டவரைப் போலக் கேட்டிருக்க வேண்டும்.

வடக்கில் நிலவியதை இராணுவ ஆக்கிரமிப்பு என்று அழைப்பது சரியா என்று சிலர் வாதிடுவர். சொந்த நாட்டின் படை தன் நாட்டில் இருப்பது எவ்வாறு ஆக்கிரமிப்பாகும் என்பர். சட்டச் சொற்களை அறிஞர்க்கு விட்டுவிடுவோம். தன் கிணற்றையும் தன் கோயிலையும் முள்வேலிக்கு இப்பால் நின்று பார்க்கும் ஒருவனுக்கு அந்தச் சொல்லாய்வு ஆறுதல் தராது. நம்முடைய படையும் அங்குச் சென்றதை நாம் மறத்தல் ஆகாது. 1987 ஜூலை 29 உடன்படிக்கைக்குப்பின் அமைதி காக்கச் சென்ற இந்தியப் படை, அக்டோபரில் போரில் இறங்கியது. அம்மாதம் 21, 22ஆம் நாட்களில் யாழ்ப்பாணம் மருத்துவமனையில் நோயாளரும் மருத்துவரும் தாதியரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1990 மார்ச்சில் படை திரும்பும்முன் நம் வீரர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரும் உயிரிழந்தனர். அங்குப் பணியாற்றிய முன்னாள் படைவீரர் ஒருவர் குன்னூரில் நம்மிடம் சொன்னார்: "ஜூலையில மாலை போட்டாங்க, அக்டோபர்ல கதவைச் சாத்திக்கிட்டாங்க. அவங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு ரெண்டு தடவையும் எங்களுக்குத் தெரியாது." துப்பாக்கி ஏந்தியவனுக்கு மக்கள் மனம் தெரியாது, அவன் நல்லவனாக இருந்தாலும் தெரியாது. அதே 1990 அக்டோபரில் வடக்கின் முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது, அண்டை வீட்டுத் தமிழர் என்ன நினைத்தனர் என்பதையும் எவரும் உரக்கக் கேட்டதில்லை.

அப்படியாயின் அம்மக்களின் கருத்தை அறியவே வழியில்லையா? உண்டு. எவரும் பார்க்காத இடத்தில் அவர்கள் செய்வதைப் பார்த்தல் வேண்டும். 2005ஆம் ஆண்டுத் தேர்தலில் புறக்கணிப்பின் நிழலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவரே வாக்களித்தார். அது கருத்தன்று, அச்சம். 2010இல் நால்வரில் ஒருவரே வாக்களித்தார். அவருள்ளும் பெரும்பாலோர் போரை நடத்திய தளபதிக்கே வாக்களித்தனர். அவரை நேசித்தா? இல்லை, ஆட்சி மாறவேண்டும் என்பதற்கு அவர்களுக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. நம் பெரியவர் ஊர் திரும்பி நான்கு மாதத்தில், 2015 ஜனவரி 8ஆம் நாள், யாழ்ப்பாண மாவட்டம் ஏறத்தாழ 74 விழுக்காடும் வன்னி 78 விழுக்காடும் ஆட்சியில் இருந்தவருக்கு எதிரான வேட்பாளருக்கு வாக்களித்தன. செய்தித்தாளில் அந்த எண்களைப் படித்தபோது, பீடத்தருகே அவர் கூறாத பதில் இதுவே என்று உணர்ந்தோம்.

அச்சம் சற்றுத் தளர்ந்ததும் கால்களும் பேசின. 2017ஆம் ஆண்டு பிலக்குடியிருப்பின் பெண்களும் குழந்தைகளும் விமானப்படை முகாமின் வாயிலில் ஒரு மாதம் இரவும் பகலும் அமர்ந்திருந்து தங்கள் காணிகளை மீட்டனர். 1992இல் இரணைதீவை விட்டு வெளியேறிய கத்தோலிக்க மீனவர், ஓராண்டுப் போராட்டத்துக்குப்பின், 2018 ஏப்ரல் 23 அன்று தாங்களே படகேறித் தீவில் இறங்கி, பழைய ஆலயத்தில் செபித்து, அங்கேயே தங்கிவிட்டனர். எந்தக் கருத்துக் கணிப்பும் இதைவிடத் தெளிவாகப் பேசியிராது. 2024 நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்றைத் தெற்கைத் தளமாகக் கொண்ட கட்சி வென்றபோது, பகைமை தீர்ந்தது என்றனர் ஒரு சாரார். மக்கள் வழிதவறினர் என்றனர் மற்றொரு சாரார். இரு சாராரும் பெரியவரின் அந்த வார்த்தையை நினைவிற்கொள்வது நல்லது: எதைச் சொன்னாலும் பாதியைத்தான் சொன்னதாகும்.

ஆனால் எளியோர் பேசவியலாத இடத்தில் மேய்ப்பர் பேசியாக வேண்டும். மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு அதைச் செய்தார். 2011 ஜனவரியில் அரசின் விசாரணைக் குழுமுன் அவர் ஆவேச உரை நிகழ்த்தவில்லை. அரசு அலுவலகங்களின் பதிவுகளையும் ஐ.நா.வின் கணக்கையுமே எடுத்து வைத்தார். 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தோர் 4,29,059. போருக்குப்பின் அரசின் பகுதிக்கு வந்தோர் 2,82,380. எஞ்சிய 1,46,679 பேர் எங்கே? அக்கேள்விக்கு நிறைவான விடை கிடைக்காமலே 2021 ஏப்ரல் 1 அன்று அவர் இறைவனடி சேர்ந்தார். திருத்தந்தை 23ஆம் யோவான் 1963இல் எழுதிய சுற்றுமடலில் அமைதிக்கு உண்மை, நீதி, அன்பு, சுதந்திரம் ஆகியவற்றை அடித்தளமாக வைத்தார். உண்மை இல்லாத இடத்தில் உள்ளது அமைதியன்று; வாய் மூடிய நிலை.

உண்மை வெளிவரக் காப்பான இடம் வேண்டும் என்பதைத் திருச்சபை நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. ஆகவேதான் ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்ட சொல்லை உயிர் போயினும் வெளியிடக்கூடாது என்று குருவைக் கட்டியிருக்கிறது. அதே குரு, பீடத்தின்முன் ஒருவரை நிறுத்தி ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தது எவ்வளவு முரண்! இப்போதெல்லாம் நாம் எவரையும் கூட்டத்தில் நிறுத்திக் கேட்பதில்லை. தோட்டத்துப் பெண்களிடமும், முகாம்களில் வாழும் ஈழத்தமிழரிடமும், வடமாநிலங்களிலிருந்து பிழைக்க வந்து நம் தேயிலை ஆலைகளில் உழைப்போரிடமும், முதலில் தேநீர் தருகிறோம், காத்திருக்கிறோம்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. நவம்பர் மாதத்தில் இறந்தோருக்காகச் செபிக்க நம் மக்கள் பெயர்களை எழுதித் தருவர். அந்த அன்னையும் ஆண்டுதோறும் தருகிறார்: கணவர், பெற்றோர், மாமியார். தம்பி மகனின் பெயர் அதில் இராது. ஒருமுறை மெல்ல நினைவூட்டினோம். "செத்தவங்களோட எப்படி எழுதுறது சாமி? அவன் அம்மா இன்னும் ராத்திரியில கதவைத் தாழ் போடுறதில்லையாம்" என்றார். உயிரோடிருப்போர் பட்டியலில் எழுதலாமா என்றோம். அதற்கும் அவர் தலையசைக்கவில்லை.

எனவே அந்தப் பதிவேட்டில் இறந்தோருக்கும் உயிரோடிருப்போருக்கும் இடையே ஒரு பக்கத்தைத் தனியே விட்டிருக்கிறோம். அதில் இப்போது நான்கு பெயர்கள் உள்ளன. திருப்பலியில் அவற்றை உரக்க வாசிப்பதில்லை. அப்பக்கத்தின்மேல் கையை வைத்து நிற்கிறோம். ஆண்டவருக்கு அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது தெரியும். நமக்கும் ஒருநாள் தெரியவரட்டும் என்று மன்றாடுவோம்.